மூக்குத்தி எந்தப் பக்கம்?

கண்டிச் சீமைச் சித்திரங்கள் – 11

தலதா மாளிகைக்குப் பின்னால், தேசிய நூதனசாலையைத் தாண்டியதும் ஒரு சிறு பாதை மேட்டில் ஏறும். கீழே மாளிகையின் மேளச் சத்தமும் வாகன இரைச்சலும் கேட்டுக்கொண்டிருக்க, மேலே மரநிழலில் கல்லறைகள். கண்டியில் நிலைகொண்ட பிரித்தானியப் படையினருக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் 1817இல் ஒதுக்கிய மயானம் இது. ஏறத்தாழ இருநூறு பேர் இங்கே கிடக்கிறார்கள். வெள்ளைக்காரச் சவக்காலை என்று சொன்னால் ஊரில் எவரும் வழி காட்டுவார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கையின் மகனையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். அவனுக்குப் பதினைந்து வயது. சாதாரண தரத்துக்குச் சித்திரம் ஒரு பாடமாக எடுத்திருக்கிறான். கல்லில் வெட்டிய வயதுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவன், “என்னா மாமா, இங்க கெழவங்களே இல்லையா?” என்றான்.

அவன் கேட்டது நியாயம். இங்கே இருப்பவர்களில் பலர் முப்பது வயதைக் காணாதவர்கள். கப்டன் ஜேம்ஸ் மக்ளாஷன் ஐரோப்பாவின் பெரும் போர்க்களங்களிலும் வாட்டர்லூவிலும் நின்று உயிர் தப்பியவர். கண்டிக்கு வந்து 1817இல் காய்ச்சலில் மாண்டார். ஜோன் ஸ்பொட்டிஸ்வூட் ரொபர்ட்சனை 1856இல் காட்டு யானை கொன்றது. கண்டி வீழ்ந்த பிறகு முதல் பிரித்தானிய வதிவிடப் பிரதிநிதியாக இருந்த ஜோன் டொய்லி 1824 மே மாதம் இறந்து இதே மேட்டில் அடங்கினார்.

சென்ற வாரம் லெப்டினன்ட் வில்லியம் லிட்டில்டனின் 1819ஆம் ஆண்டுப் படத்தொகுப்பைப் பார்த்தோம். மலையும் கணவாயும் அரண்மனையும் அழகாக விரிந்தன. மனிதர் சிறு உருவங்களாக ஓரத்தில் நின்றார்கள். அந்தப் படங்களைப் பற்றி எழுதி முடித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. இந்தக் கல்லறைக்காரர்கள் கப்பலேறுவதற்கு முன், தங்கள் ஊரில், எந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்? அந்தச் சிரிப்பு அவர்களோடு இந்த மலைக்கு ஏறி வந்தபோது என்ன ஆனது?

விடை தேட, கண்டியை விட்டு லண்டனுக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

கண்ணாடிக்குள் ஒரு ஊர்

1808 பெப்ரவரியில் ஜேம்ஸ் கில்ரே வெளியிட்ட ஒரு படம். ‘மிகவும் வழுக்குகிற காலநிலை’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மழைபனி நனைத்த தெரு. வயதான கனவான் ஒருவர் கால் வழுக்கி மல்லாந்து விழுகிறார். விழும்போதும் கையிலிருக்கும் வெப்பமானியை நழுவ விடவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் நிற்கிறது. ஒருவரும் அவரைத் தூக்க வரவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கடைக் கண்ணாடிக்குள் வரிசையாக மாட்டியிருக்கும் கேலிப் படங்களில் இருக்கிறது.

அந்தக் கடை கற்பனைக் கடை இல்லை. சென் ஜேம்ஸ் வீதி 27ஆம் இலக்கத்தில் ஹன்னா ஹம்ப்ரி என்ற அம்மையார் நடத்திய அச்சுப்படக் கடை அது. அதன் மாடியில்தான் கில்ரே வாழ்ந்தார். கண்ணாடியில் தொங்குபவையும் அவருடைய படங்களே. தன் கடையையும் தன் படங்களையும் தன் ஊராரின் கல்நெஞ்சையும் ஒரே தகட்டில் கொண்டுவந்துவிட்டார்.

புகைப்படம் இல்லாத காலம். நாளிதழில் படம் வருவது மிக அரிது. ஆகவே, ஊரில் ஒரு வம்பு, ஒரு புதிய உடை, ஒரு நாடகம், ஒரு நோய், எது வந்தாலும் சில நாட்களில் அது இந்தக் கண்ணாடிகளில் படமாகத் தொங்கும். வண்ணம் பூசாத படம் ஒரு ஷில்லிங், பூசியது இரண்டு ஷில்லிங் என்பது வழக்கமான விலை. கூலிக்காரருக்கு அது பெரிய காசு. வாங்க முடியாதவர்கள் தெருவில் நின்று இலவசமாகப் பார்த்தார்கள். பிக்கடிலியில் ஃபோர்ஸ் என்பவரின் கடை, படக் கட்டுகளை ஒரு மாலைப்பொழுதுக்கு வாடகைக்கும் கொடுத்தது. விருந்து முடிந்ததும் வீட்டார் சுற்றி உட்கார்ந்து, படங்களை ஒவ்வொன்றாகக் கை மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு காலத்தில் நம் லயங்களில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி எல்லாரும் கூடியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படங்கள் பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் இது நமக்குத் தேவைப்படும். செப்புத் தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைப் பூசுவார்கள். கூரான ஊசியால் அதன்மேல் வரைவார்கள். ஊசி போன இடத்தில் பூச்சு விலகிச் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால், செம்பு தெரிகிற கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பிறகு பூச்சைக் கழுவி, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரத் தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தி எடுத்தால் படம். வண்ணத்தை ஒவ்வொரு தாளிலும் கையால்தான் பூச வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தகட்டில் வலப்பக்கம் வரைந்தது தாளில் இடப்பக்கம் விழும். கை பழகிய ஓவியர் எழுத்தைக்கூடத் தலைகீழ் ஓட்டத்தில் எழுதப் பழகியிருப்பார். அடுத்தவன் படத்தைப் பார்த்து அவசரமாகத் தகட்டில் பிரதி எடுக்கிறவனுக்கு அதற்குப் பொறுமை இராது. அந்நாளின் திருட்டுப் பதிப்புகள் பலவற்றில் படம் இடவலம் மாறி நிற்பது இதனால்தான். மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஆள் அதே ஆள்; ஆனால் வாள் தப்பான கையில் இருக்கும்.

தெரிந்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள்

இந்தப் படங்கள் எவரைத்தான் விட்டுவைத்தன? அரசியல்வாதிகளும் அரச குடும்பமும் அடிவாங்கியது தனிக் கதை. சமூக வாழ்க்கைப் படங்களே நம் விஷயம். கழுத்துக்கச்சையை இறுக்கிக் கட்டித் தலையைத் திருப்ப முடியாமல் நிற்கும் இளைஞர்கள். மூன்றாம் வகுப்புப் பாடகியின் பாட்டுக்கு உருகும் சீமாட்டிகள். தின்று தின்று வந்த மூட்டுவாதத்தைக் கில்ரே 1799இல் ஒரு கறுத்த குட்டிப் பிசாசாக வரைந்தார். வீங்கிய பாதத்தில் அது பல்லைப் பதிக்கிறது. அந்த வலி இன்றைக்கும் பார்ப்பவன் காலில் ஏறும்.

தோமஸ் ரோலண்ட்சன் இன்னொரு வகைக் கை. கில்ரேயின் கோடு கடிக்கும். ரோலண்ட்சனுடைய கோடு உருண்டு ஓடும். சந்தை, சத்திரம், சூதாட்ட மேசை, நீதிமன்றம் என்று கூட்டம் கூடும் இடமெல்லாம் அவர் உட்கார்ந்து பார்த்தார். கூட்டத்தையே வரைந்தாலும், அவருடைய கூட்டத்தில் ஒரு மூக்கு மாதிரி இன்னொரு மூக்கு இராது. தூங்குகிறவன் ஒருவன், கொட்டாவி விடுகிறவன் ஒருவன், பக்கத்து வீட்டுக்காரியை ஓரக்கண்ணால் பார்க்கிறவன் ஒருவன். ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது முகம்.

இந்தக் கலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒருவரைக் கேலியாக வரைய வேண்டுமானால் முதலில் அவரை உற்றுப் பார்த்திருக்க வேண்டும். எந்தப் பல் துருத்தும், எந்தத் தோள் சாயும், எதைக் கண்டால் முகம் சிவக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாத முகத்தைப் பழிக்கலாம், கேலி செய்ய முடியாது. சொந்தத் தாய்மாமனைப் போலச் செய்து காட்டிக் கல்யாண வீட்டையே சிரிக்க வைக்கும் பிள்ளையை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். அவன் தாய்மாமன் மடியில் வளர்ந்தவனாக இருப்பான்.

கில்ரேயின் 1802ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டு கண்டியை நேராகத் தொடுகின்றன.

ஒன்று, பசு அம்மைத் தடுப்பூசியைப் பற்றியது. எட்வர்ட் ஜென்னரின் புதிய முறையில் ஊசி போட்டுக்கொண்டவர்களின் முகத்திலும் கையிலும் குட்டிப் பசுக்கள் முளைத்துக் குதிக்கின்றன. மாட்டின் சீழை உடம்பில் ஏற்றினால் மாடாகிவிடுவோமோ என்று சனங்கள் அஞ்சிய அச்சத்தைத்தான் அவர் வரைந்தார். அதே 1802இல் அந்தத் தடுப்பூசி இலங்கைக்கு வந்து சேர்ந்தது. தோமஸ் கிறிஸ்டி என்ற படை வைத்தியர் அதை இங்கே பரப்பினார். அம்மை கண்டால் வேப்பிலை கட்டி மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளும் நம் பாட்டிமாரின் அச்சமும், பசு முளைக்குமோ என்று நடுங்கிய லண்டன்வாசியின் அச்சமும் ஒரே குலத்தவை. லண்டன்காரனின் அச்சத்துக்குப் படம் இருக்கிறது. நம் அச்சத்தை மூடநம்பிக்கைப் பட்டியலில் மட்டும் குறித்து வைத்தார்கள்.

இன்னொன்று, ரோயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான மன்றத்தில் நடந்த வாயுப் பரிசோதனை. சீமான்களும் சீமாட்டிகளும் நிறைந்த அவையில் ஒரு கனவானுக்கு மூக்கைப் பிடித்து வாயு புகட்டுகிறார்கள். விளைவு அவருடைய பின்புறத்தில் வெடிக்கிறது. துருத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணில் குறும்போடு பக்கத்தில் நிற்கும் இளைஞர் ஹம்ப்ரி டேவி. பிற்காலத்தில் சுரங்கத் தொழிலாளர் உயிர்காத்த விளக்கைச் செய்த அதே விஞ்ஞானி. அவருடைய தம்பி ஜோன் டேவி 1816இல் படை வைத்தியராக இலங்கைக்கு வந்து, 1820 வரை இருந்து, கண்டிச் சீமையைக் காலால் அளந்தவர். 1821இல் அவர் வெளியிட்ட இலங்கை உள்நாட்டு வரலாற்று நூலைக் கண்டியைப் பற்றி எழுதுகிற எவரும் தொடாமல் போக முடியாது. மலையின் உயரம், ஊற்றின் வெப்பம், பாம்பின் நஞ்சு எல்லாவற்றையும் சோதித்தவர் அவர். அண்ணன் கையில் துருத்தியோடு கேலிப் படத்துக்குள் நின்றார். தம்பி கையில் வெப்பமானியோடு நம் மலையில் நின்றார்.

1815

அந்த வருடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1815 பெப்ரவரியில் கண்டி பிரித்தானியர் கையில் விழுந்தது. கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்கர் குலத்து மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிடிபட்டார். மார்ச் 2ஆம் திகதி அரண்மனை மண்டபத்தில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மன்னரைக் கப்பலேற்றி வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே காலமானார். ஒப்பந்தம் வாசித்து மூன்று மாதத்துக்குள், ஜூன் 1ஆம் திகதி, ஹம்ப்ரி அம்மையார் கடை மாடியில், பல ஆண்டுகளாக மனம் கலங்கியிருந்த கில்ரே இறந்தார்.

அந்த நாட்களில்தான் ரோலண்ட்சன் ‘ஆங்கிலேயரின் சாவு நடனம்’ என்ற படவரிசையை வெளியிட்டுக்கொண்டிருந்தார். 1815, 1816 ஆண்டுகளில் அது இரண்டு தொகுதிகளாக வந்தது. எலும்புக்கூடு உருவில் சாவு எல்லார் வீட்டுக்கும் வருகிறது. குடிகாரனின் கோப்பையில் ஊற்றிக்கொடுக்கிறது. வேட்டைக்காரனின் குதிரைக்குப் பின்னால் ஓடுகிறது. மருந்துக் கடைக்குள்ளும் புகுந்து நிற்கிறது. பணக்காரனும் ஏழையும் ஒன்றாக விழுகிறார்கள்.

மயான மேட்டில் என் மருமகன் வயதுகளைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் படவரிசைதான் எனக்கு நினைவில் ஓடியது. அதைக் கையில் புரட்டிய தலைமுறைதான் இங்கே வந்து விழுந்த தலைமுறை. காய்ச்சல், யானை, பிள்ளைப்பேறு என்று ஒவ்வொருவருக்கும் சாவு வந்த விதம் வேறு. ஒவ்வொருவருக்கும் ஒரு கல், கல்லில் ஒரு பெயர், ஒரு வயது. நின்று படித்தால் மனம் இளகுகிறது. இளகுவதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

அதே 1816இல் ரோலண்ட்சனின் படங்களோடு இன்னொரு நூலும் வந்தது. இந்தியாவுக்குப் போகும் ஒரு இளம் அதிகாரியின் கதை. அவனுக்குப் பெயர் ‘குயி ஹை’. ‘கோயி ஹை’, அதாவது ‘யாரடா அங்கே?’ என்று வேலைக்காரரை அதட்டிக் கூப்பிடும் இந்துஸ்தானிச் சொல்லே வங்காளத்து வெள்ளைக்காரருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. நூல் அந்த இளைஞனையும் கம்பனி அதிகாரிகளையும் நன்றாகவே சாடுகிறது. 1828இல், கண்டியில் அடங்கிய டொய்லியின் குடும்பப் பெயரையே கொண்ட சார்ல்ஸ் டொய்லி என்ற வங்காளத்து அதிகாரி, ‘டொம் ரோ’ என்னும் புதிதாக வந்திறங்கியவனின் கதையைப் படமும் செய்யுளுமாக வெளியிட்டார். இரண்டிலும் வெள்ளைக்காரன் தன்னைத்தான் பார்த்துச் சிரிக்கிறான். ஆனால் ‘யாரடா அங்கே’ என்ற கூப்பாட்டுக்கு ஓடி வந்தவன் யார்? அவன் பெயர் என்ன? எந்த ஊர்? அந்தக் கேள்விக்கு அந்தப் படங்களிடம் பதில் கிடையாது.

ஒரு தலையின் கதை

1826இல் ஜோர்ஜ் குருக்ஷாங்க் மண்டையோட்டுச் சாத்திரத்தைக் கேலி செய்து ஒரு படத்தொகுப்பு வெளியிட்டார். மண்டையின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்தே ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்ற அந்தச் சாத்திரம் அப்போது ஐரோப்பாவெங்கும் அமர்க்களப்பட்டது. அதன் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெருக்காட்சியை வரைந்து, குருக்ஷாங்க் ஊரையே சிரிக்க வைத்தார். அந்த நூலைப் புரட்டிய லண்டன்வாசிக்கு, தலையைத் தடவி மனிதனை அளப்பது நகைப்புக்குரியது என்று தெரிந்துதான் இருந்தது.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன், 1818 நவம்பரில், கண்டி போகம்பரையில் மொனரவில கெப்பெட்டிபொலவின் தலையை வெட்டினார்கள். ஊவாக் கிளர்ச்சியை அடக்கப் பிரித்தானியர் அனுப்பிய திசாவை அவர். போன இடத்தில் தன் சனங்களின் பக்கம் சேர்ந்து அந்தக் கிளர்ச்சிக்கே தலைமை தாங்கினார். படை வைத்தியர் ஹென்றி மார்ஷல் அந்த மண்டையோட்டைத் தன்னோடு பிரித்தானியாவுக்குக் கொண்டுபோய், எடின்பரோ மண்டையோட்டுச் சாத்திரச் சங்கத்துக்குக் கொடுத்தார். லண்டன் அந்தச் சாத்திரத்தைப் படத்தில் பார்த்துச் சிரித்தது. நம் மலையின் தலைவன் ஒருவனின் தலையை அதே சாத்திரத்துக்காகக் கடல்கடத்தி வைத்திருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு, 1954இல், அது திரும்பி வந்தது. தலதா மாளிகைக்கு முன்னுள்ள மைதானத்து நினைவுச் சின்னத்தில் அடக்கம் செய்தார்கள். மயான மேட்டிலிருந்து இறங்கி நடந்தே அங்கு போய்விடலாம். நாங்கள் போனோம். என் மருமகன் அங்கே எதுவும் கேட்கவில்லை.

லண்டன் அச்சுப்படக் கடைகள் எல்லாரையும் சமமாகக் கேலி செய்தன என்று எவராவது சொன்னால், 1810இல் பிக்கடிலியில் காட்சிப் பொருளாக நிறுத்தப்பட்ட தென்னாபிரிக்கப் பெண் சாரா பார்ட்மனை நினைத்துக்கொள்ள வேண்டும். அவளைப் பற்றிப் பல கேலிப் படங்கள் விற்றன. எல்லாவற்றிலும் அவள் உடம்பு பெரிதாக இருக்கிறது. அவள் என்ன நினைக்கிறாள் என்று காட்டும் ஒரு கோடு இல்லை. அவள் எச்சங்களும் ஐரோப்பிய நூதனசாலையில் கிடந்து 2002இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பின. கெப்பெட்டிபொலவுக்கும் சாராவுக்கும் நடந்தது ஒன்றே. முகத்தைப் பார்க்க மறுத்தவர்கள் மற்றதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ராமசாமி, முனியாண்டி, அரைப்பேர்

1824இல் கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி நட்டார். பின்வந்த ஆண்டுகளில் கண்டியைச் சுற்றிய காடுகள் விழுந்தன, கோப்பி ஏறியது. தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்து இந்த மலைக்கு ஏறினார்கள். வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கல் இல்லை, கல்லில் வயது இல்லை.

துரைமாரின் வாழ்க்கை வளர வளர, லண்டன் கேலிப் படத்தின் பேரப்பிள்ளைகளும் இங்கே பிறந்தன. 1841இல் லண்டனில் தொடங்கிய ‘பஞ்ச்’ இதழ் உலகெங்கும் பிள்ளை பெற்றது. 1860களின் இறுதியில் இலங்கையிலும் அப்படி ஓர் ஆங்கிலக் கேலி இதழ் வந்தது. நடத்தியவர் ஜோன் கப்பர். சார்ல்ஸ் டிக்கன்ஸின் வார இதழுக்கு எழுதிய பத்திரிகையாளர். படம் வரைந்தவர்களில் முதன்மையானவர் கொழும்பின் ஒல்லாந்த வம்சத்து ஓவியர் வன் டோர்ட். இதழின் பெயர் ‘முனியாண்டி’.

இந்தப் பெயரை முதன்முதலில் ஒரு நூலில் பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முனியாண்டி எங்கள் தோட்டத்து எல்லைச் சாமி. மதுரைப் பக்கத்திலிருந்து பிடிமண்ணாகவும் நினைப்பாகவும் எங்கள் ஆட்கள் கூடவே கொண்டுவந்த காவல் தெய்வம். தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ஒரு ரோதைமுனி, ஆற்றங்கரைக்கு ஒருவர், மலையுச்சிக்கு ஒருவர் என்று அவர்களைக் குடிவைத்துத்தான் எங்கள் பாட்டன்மார் இந்த அந்நிய மலையில் அச்சமில்லாமல் தூங்கினார்கள். லயத்துக்கு ஒரு பிள்ளைக்காவது அந்தப் பெயர் இருக்கும். அந்தப் பெயர்தான் துரைமார் வாசித்துச் சிரிக்கும் இதழின் முகப்பில் நின்றது. கூலிக்காரன் கண்ணால் தங்களைப் பார்ப்பதாக ஒரு பாவனை. ஆனால் எங்கள் முனியாண்டிகளில் எவருக்கும் அந்த இதழை வாசிக்கத் தெரியாது. எவரும் அதில் ஒரு சொல் எழுதவில்லை.

1880களின் தொடக்கத்தில் வெரெக்கர் ஹமில்டனும் ஸ்டுவர்ட் ஃபாசனும் சேர்ந்து லண்டனில் வெளியிட்ட ‘இலங்கைக் காட்சிகள்’ என்ற தொகுப்பு, துரைமார் வாழ்க்கையை வேடிக்கைப் படமும் பாட்டுமாகச் சொன்னது. கோப்பிக்கும் தேயிலைக்கும் நடுவில் வந்த இத்தகைய எழுத்திலும் படத்திலும் புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைக்கு ஒரு கதை உண்டு. அவன் அட்டைக்கடிக்கு அலறுவான், கடன்படுவான், ஊருக்குக் கடிதம் எழுதுவான், கடைசியில் தேறுவான். தமிழ்த் தொழிலாளி என்றால் ஒரே பெயர், ‘ராமசாமி’. அது ஓர் ஆளின் பெயராக இல்லை, ஒரு கூட்டத்தின் பெயராக இருந்தது. கூட்டத்தில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது மூக்கு வரைந்த ரோலண்ட்சனின் பேரப்பிள்ளைகள், இந்த மலைக்கு வந்ததும் ஐம்பது பேருக்கு ஒரு மூக்கு வரைந்தார்கள்.

தோட்டத்தில் பெயருக்கு வேறொரு கணக்கும் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவார்கள். ஒரு நாள் முழு உழைப்புக்கு ஒரு பேர். சொன்ன நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அரைப்பேர். சம்பளத்துக்கே பேர் என்று பெயர் வைத்த உலகம் அது. முப்பத்திரண்டு வருடம் கொழுந்தெடுத்த என் அம்மா, எனக்குக் காய்ச்சல் கண்டு பாதியில் வீட்டுக்கு ஓடி வந்த ஒரு நாளை இன்றும், “அன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க” என்றுதான் சொல்வார். அரைப் பெயரோடு ஒருத்தி வீடு திரும்பியதை எந்தக் கேலிப் படக்காரனும் வரையவில்லை. வரைய அவளை அவன் பார்த்திருக்க வேண்டும்.

கேலி நமக்கு அந்நியமான கலை இல்லை. காமன் கூத்தில் கோமாளி வந்து துரையைப் போலவும் கங்காணியைப் போலவும் நடந்து காட்டினால் தோட்டமே அதிரும். துரை தொப்பியைச் சரிசெய்யும் விதம், கணக்குப்பிள்ளை பென்சிலைக் காதில் செருகும் விதம் என்று ஒன்றும் தப்பாது. எங்கள் ஆட்கள் அவர்களை அவ்வளவு உற்றுப் பார்த்திருந்தார்கள். பிழைப்புக்காகப் பார்த்தார்கள், அச்சத்தால் பார்த்தார்கள், ஆனாலும் பார்த்தார்கள். அந்தக் கோமாளியிடம் செப்புத் தகடு இல்லை. இருந்திருந்தால், கண்டிச் சீமைக்கும் ஒரு கில்ரே கிடைத்திருப்பார் என்று நான் மனதார நம்புகிறேன்.

செருப்படியில் ஒரு முகம்

மயானத்திலிருந்து வந்த மறுநாள் மருமகன் தன் சித்திரக் கொப்பியைக் கொண்டுவந்தான். அச்சுப் பதித்தல் பாடத்துக்குத் ‘தேயிலைத் தோட்டம்’ என்று தலைப்பு கொடுத்திருந்தார்களாம். மலைச்சரிவு, வரிசைச் செடிகள், முதுகில் கூடையோடு குனிந்து நிற்கும் பெண்கள். தேயிலைப் பெட்டிகளில் பார்க்கும் அதே படம். அழகாகத்தான் செய்திருந்தான்.

“இதுல அம்மாயி யாருடா?” என்று கேட்டேன்.

அவன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். “யாருக்கும் மூஞ்சி போடலியே மாமா” என்றான்.

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, ஒரு பழைய ரப்பர் செருப்பின் அடியை பிளேடால் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லினோ வாங்கக் காசு அதிகம். செருப்படி நன்றாகச் செதுக்க வரும். வெட்டி முடித்து, மை தடவி, தாளை மேலே போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தான். என் அம்மா. பெரிய மூக்கு. வெற்றிலை அதக்கிய கன்னம் ஒரு பக்கம் பந்துபோல. தலைத்துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காது. ஒரு கண்ணைச் சுருக்கி, ‘நீ சொல்றத நான் நம்பணுமாக்கும்’ என்று பார்க்கிற பார்வை. மூக்கு உள்ளதைவிட இரண்டு மடங்கு இருந்தது. ஆனால் வேறு எவருடைய மூக்காகவும் அது இருக்க முடியாது.

அம்மா கோபிப்பாரோ என்று எனக்குக் கொஞ்சம் தயக்கம். தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்துக்குப் போய் நின்று பார்த்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வெற்றிலைச் சாறு வழிய வழியச் சிரித்தார். சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரனைக் கூப்பிட்டார்.

“எல்லாஞ் சரிய்யா. மூக்குத்திய ஏன் இந்தப் பக்கம் போட்ட? எனக்கு வலப்பக்கமுல்ல?”

செதுக்கும்போது அவன் வலப்பக்கம்தான் வைத்திருந்தான். அச்சில் மாறிவிட்டது. அவன் தாளை வாங்கிப் பார்த்தான், அம்மாயியின் மூக்கைப் பார்த்தான், பிறகு இன்னொரு பழைய செருப்பைத் தேடிப் போனான்.

(தொடரும்)

அடுத்த வாரம்: வன் டோர்ட்டின் பென்சில் கண்ட தெரு மனிதர்கள்